அனலாக் மிக்ஸரை எடைக்குப் போடச் சொல்கிறவர்களுக்கு

"டிஜிட்டல் வந்தாச்சு அண்ணாச்சி. இந்த மிக்ஸரை இன்னும் வச்சிருந்து என்ன செய்யப் போறீங்க? எடைக்குப் போட்ருங்க."

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் ரேடியோ செட் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது பழகிப்போன புத்திமதி. சொல்கிறவர் பெரும்பாலும் புது மிக்ஸர் விற்க வந்தவராக இருப்பார். இல்லையென்றால் பழையதை அடிமாட்டு விலைக்குக் கொண்டுபோக வந்தவராக இருப்பார். அது கிடக்கட்டும், அவர் அடுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

டிஜிட்டலில் சத்தம் சுத்தமாக இருக்கும் என்பார். இருக்கும்தான். அனலாக்கில் ஏதோ தனி இனிமை இருப்பதாக உருகுகிறவர்கள் பக்கம் நானும் இல்லை. ஆனால் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்த் தெருவில் நாம் கேட்கும் ஒலியை முடிவு செய்வது மிக்ஸர் அல்ல. மைக் எது, அதை எங்கே கட்டியிருக்கிறார்கள், ஸ்பீக்கரின் கோன் கிழியாமல் இருக்கிறதா, எதிர்வீட்டுச் சுவரில் பட்டு எவ்வளவு எதிரொலிக்கிறது என்பவைதான் முடிவு செய்கின்றன. கையிலிருக்கும் காசை நல்ல மைக்கிலும் ஸ்பீக்கரிலும் போட்டால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மிக்ஸரை மட்டும் மாற்றினால் வாங்கியவருக்குத்தான் தெரியும்.

அடுத்து வசதியைச் சொல்வார். இதில் பாதி உண்மை. 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ் 32 மாதிரியான மிக்ஸர்கள் தொழிலையே மாற்றின. கை கனத்துக்குச் சுருட்டித் தூக்கிவந்த மல்டிகோர் கேபிளின் இடத்தில் ஒரு நெட்வொர்க் கேபிள் போதும் என்றாயிற்று. காலையில் ஒத்திகையில் வைத்த அளவுகளைச் சேமித்து வைத்து, இரவு அப்படியே திரும்ப எடுக்கலாம். இருபது முப்பது மைக் வைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கு டிஜிட்டல்தான் சரி. அங்கே அனலாக்குக்காக வாதாடுவது வீம்பு.

ஆனால் இந்த மாவட்டத்தில் நாள்தோறும் நடப்பது இன்னிசைக் கச்சேரியா? காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, சர்ச் ஆராதனை: பெரும்பாலும் இரண்டு மைக், மிஞ்சினால் எட்டு. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். மேடைக்கு முன்னால் மைக் தொங்கும். நடிகர் நகர நகர ஆபரேட்டரின் விரலும் ஃபேடரில் நகரும். பபூன் திடீரென்று மைக்கை நெருங்கிக் கத்துவார். அந்த நொடியே விசிலடிக்கும். அனலாக்கில் ஒரு சேனலுக்கு ஒரு ஃபேடர், வைத்த இடத்தில் இருக்கும், இருட்டிலும் கை அதைக் கண்டுபிடிக்கும். எக்ஸ் 32-இல் 32 சேனலுக்கும் சேர்த்து 16 ஃபேடர்தான். மற்றதைத் தொட லேயர் மாற்ற வேண்டும். ஃபேடரே இல்லாமல் டேப்லெட்டில் ஓட்டும் மிக்ஸர்களின் கதை வேறு. ஆயிரக்கணக்கான செல்போன்கள் கூடிய திருவிழாக் கூட்டத்தில் வைஃபை எப்போது விடும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால் டிஜிட்டல் மிக்ஸர் முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிரமுகர் அதுவரை மைக்கைத் தட்டிக்கொண்டு நிற்பார். யூ.பி.எஸ். வைத்தால் தீரும், சரி. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

பழசுக்கு ரிப்பேர் பார்க்க முடியாது என்பதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும் காரணம். நிலைமை நேர்மாறு. சேனலுக்கு ஒரு போர்டாகக் கழற்றக்கூடிய அனலாக் மிக்ஸரில் பழுதாவது பெரும்பாலும் நாலு சாமான்: கன்ட்ரோல், ஃபேடர், கண்டென்சர், ஐ.சி. 4558 ஐ.சி. எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சால்டரிங் தெரிந்த உள்ளூர் மெக்கானிக் மாற்றிவிடுவார். டிஜிட்டலில் மெயின் போர்டோ திரையோ போனால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அந்த மாடலுக்குப் பாகம் வருவது நின்றிருந்தால் அதுவும் இல்லை. மழை குறைவான காய்ந்த பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. அந்த வறட்சி மிக்ஸருக்கும் நல்லது. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஜாக்குகள் பச்சை பூத்துப்போவது போல இங்கே பூப்பதில்லை. கரிசல் புழுதி மட்டும் ஃபேடருக்குள் இறங்கிக் கரகரக்கும். அதற்குக் கான்டாக்ட் கிளீனர் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே போர்டில் பொடிப் பாகங்களாக ஒட்டிய, பிராண்ட் பெயரை மட்டும் காப்பியடித்த மலிவு மிக்ஸர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவற்றுக்குத் தராசுதான் சரி.

கடைசியாக, வாங்க ஆளில்லை என்பார். லாஸ் ஏஞ்சலீஸின் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ மூடியபோது, அங்கிருந்த நீவ் 8028 என்ற பழைய அனலாக் மிக்ஸரை ராக் இசைக்கலைஞர் டேவ் குரோல் வாங்கிப் போனார். 2013-இல் அதைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். நீவ் 1073 பிரீஆம்ப்களைத் தனித்தனியாகக் கழற்றி விற்பதே ஒரு வியாபாரம். இதைப் படித்துவிட்டு நம் யமஹா மிக்ஸருக்கும் பொக்கிஷ விலை வரும் என்று யாரும் கனவு காண வேண்டாம். நம் சந்தை வேறு: புதிதாக செட் போடும் பையன்கள், கிராமத்துச் சர்ச்சுகள், பள்ளிகள். வெளிநாட்டில் ஓடி முடித்த ஆப்செட் மிஷின்களை வாங்கி ஓட்டியே அச்சுத் தொழிலில் பேர் வாங்கியது சிவகாசி. ஓடுகிற பழைய மிஷினுக்கு விலை உண்டு என்று அந்த ஊருக்கா பாடம் எடுக்க வேண்டும்?

அந்த விலை கைக்கு வர, விற்கிறவர் வாங்க வந்தவர் முன்னாலேயே மிக்ஸரைப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரே மைக்கை ஒவ்வொரு சேனலாகச் சொருகி, ஹெட்ஃபோனில் கேட்கவிட்டு, எல்லாக் குமிழையும் ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். 48 வோல்ட் ஃபான்டம் வருகிறதா என்று கண்டென்சர் மைக் வைத்துக் காட்ட வேண்டும். மைக் எதுவும் இல்லாமல் மாஸ்டரை ஏற்றினால் ஹம் வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். சாகாத சேனல் எத்தனை என்று எண்ணித்தான் விலை பேசுவார்கள். செத்ததை மறைத்தால் மறுநாளே மிக்ஸர் திரும்பி வரும். விற்பதற்குத் தை, மாசிதான் தோது; பங்குனி, சித்திரை ஆர்டர்களை நம்பி அப்போதுதான் செட்டுக்குச் சாமான் தேடுவார்கள். வெளியே தனிப்பெட்டியாகப் பவர் சப்ளை உள்ள மாடலென்றால் அந்தப் பெட்டியும் கேபிளும் சேர்ந்தே போகட்டும். அந்தப் பின்னுக்கு மாற்றுக் கேபிள் லேசில் கிடைக்காது.