கல்யாண போட்டோவுக்கும் துண்டுச் சீட்டு வேண்டும்

தை பிறக்கும் முன்பே நம் சங்க உறுப்பினர்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சு ஆரம்பமாகி விடும். மண்டபம், சமையல், நகை, ஜவுளி என்று ஒவ்வொன்றுக்கும் நாலு பேரை விசாரித்து, நாலு படி ஏறி இறங்கி முடிவு செய்கிறோம். சமையல்காரர் தரும் சாமான் பட்டியலில் கால் கிலோ ஏலக்காய் கூடுதலாக இருந்தால் கூட நம் கண்ணுக்குத் தப்பாது. போட்டோவுக்கு மட்டும், "மச்சான் வீட்டு விசேஷத்தில் எடுத்த தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கே சொல்லி விடலாம்" என்று ஒரே போனில் முடித்து விடுகிறோம். அப்படி முடித்துப் பட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

2018ஆம் ஆண்டு தை மாதம் நம் மகளின் திருமணம். போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து அவர் ரூ.85,000 கேட்டார். நாம் பேசிப் பேசி ரூ.60,000க்குக் கொண்டு வந்தோம். பருப்பு வியாபாரத்தில் நாற்பது வருடம் பேரம் பேசிப் பழகிய வாய் அல்லவா! ரூ.40,000 கொடுத்தாயிற்று, மீதி ஆல்பம் வந்த பிறகு என்று பேச்சு. ரசீது கிடையாது. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும் என்றார், வேண்டாம் என்று விட்டோம். ஒரு மூட்டை உளுந்துக்குக் கூட பில் இல்லாமல் இறக்க மாட்டோம் என்று லாரிக்காரரிடம் நிற்கிற நாம்தான் இப்படிச் சொன்னோம்.

முகூர்த்த நாளன்று, நம்மிடம் வந்து பேசிய மனிதர் வரவில்லை. அன்று ஊர் முழுக்கக் கல்யாணம். அவர் வேறு மண்டபத்தில் இருந்தார். இரண்டு பையன்களை அனுப்பி இருந்தார். குறை சொல்வதற்கில்லை, பையன்கள் நன்றாகவே எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர் கடைக் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்தோம். நாலாயிரத்துக்கும் மேல் இருந்தன. அதில் ஒன்று நம் தாயார் படம். அப்போது அவருக்கு வயது 84. மூட்டு வலியால் மேடை ஏற முடியாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். மகள் குனிந்து நிற்க, பாட்டி திருநீறு பூசி விடுகிறார். இருவருக்கும் கண் கலங்கி இருக்கிறது. "இதைப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும்" என்று அன்றே சொல்லி வைத்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கித் தர வேண்டியது நாம். மகள் பெங்களூர் போய் விட்டாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு நேரமில்லை, நாலு மாதம் ஓடி விட்டது. பொறுக்கிக் கொடுத்ததும் அவர், "மீதி ரூ.20,000 கொடுங்கள், பிரிண்டுக்கு அனுப்புகிறேன்" என்றார். நாம், "பேச்சுப்படி ஆல்பம் வரட்டும், பணம் தருகிறோம்" என்றோம். யாரும் இறங்கி வரவில்லை. அந்த ஐப்பசியில் தாயார் காலமானார். படத்தைக் கேட்டு ஓடினோம். ஹார்ட் டிஸ்க் பழுதாகி விட்டது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்றார். இரண்டாவது பிரதி இல்லை. வாட்ஸ்அப்பில் வந்திருந்த சில சின்னப் படங்களும், உறவுக்காரப் பையன் செல்போனில் எடுத்த ஒரு படமும்தான் மிஞ்சின. அந்தச் செல்போன் படத்தில் தாயார் முகத்தில் பாதியை யாரோ ஒருவருடைய தோள் மறைத்திருக்கிறது.

அவர் மீது கோபம் வந்தது உண்மை. கணக்குப் பார்த்தால் தவறில் பாதி நம் பேரில்தான் எழுத வேண்டும். ரூ.20,000ஐக் கையில் வைத்துக் கொண்டு இழுத்தது நாம். நம் கடைக்கு வந்து, "அடுத்த கடையில் இரண்டு ரூபாய் குறைவு" என்று சொல்லி, சரக்கை எடுத்துக் கொண்டு, பாக்கியை மூன்று மாதம் இழுக்கும் சில்லறைக் கடைக்காரரைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? அதையே அவருக்குச் செய்தோம். அவரும் நம்மைப் போன்ற சிறு வியாபாரிதான். பலர் கேமரா லென்ஸைக் கூட நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆல்பம் அடிக்கும் லேபுக்குத் தாள் கணக்கில் கொடுக்க வேண்டும். வீடியோவை வெட்டி ஒட்டுபவருக்குத் தனிக் கூலி. ரூ.25,000 குறைத்தால் அவர் எதில் குறைப்பார்? வரும் ஆளில் குறைப்பார், தாளில் குறைப்பார், இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் குறைப்பார்.

நம் கல்யாணம் நடந்தது 1986இல். 36 படம் கொண்ட ரோல் நாலு, அவ்வளவுதான். எண்ணி எண்ணி எடுத்தார் அந்த ஸ்டுடியோக்காரர். நெகடிவ் சுருளைக் கவரில் போட்டுக் கொடுத்தார், பீரோவில் இன்றும் இருக்கிறது. இப்போது நாலாயிரம் படம் எடுக்கிறார்கள், அத்தனையும் கையகலப் பெட்டி ஒன்றுக்குள் கிடக்கிறது. கீழே விழுந்தால் போயிற்று.

2023 ஆவணியில் மகனுக்குக் கல்யாணம் வைத்த போது சரக்கு வாங்குவது போலவே போட்டோவுக்கும் ஆள் பார்த்தோம். கடைகளில் காட்டும் மாதிரி ஆல்பத்தை மூடி வைத்து விட்டோம். அது இருபது கல்யாணத்தில் எடுத்த நல்ல படங்களின் தொகுப்பு. மூட்டையின் மேல் பருப்பை மட்டும் பார்த்து விலை பேசும் வியாபாரி நம்மில் உண்டா? நடுவில் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்ப்போம். அது போல, "ஒரே கல்யாணத்தின் படங்களை முதலிலிருந்து கடைசி வரை காட்டுங்கள்" என்று கேட்டோம். விடியற்காலை முகூர்த்தத்தில் ஓமப் புகைக்கு நடுவே முகம் தெரிகிறதா, பந்தியில் உட்கார்ந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள், குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்த்தால் கைத்திறன் தெரிந்து விடும். மூன்று பேரிடம் கேட்டோம். ஒருவர் காட்டவே மறுத்தார்.

பிடித்தவரிடம் விலையைக் குறைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம், நாமும் போட்டோம். எந்தெந்த நிகழ்ச்சிக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை கேமரா. நேரில் வரப் போவது யார், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பதிலுக்கு யார். ஆல்பத்தில் எத்தனை தாள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராக்கள் இருக்கின்றன, அதில்தான் எடுக்க வேண்டும் என்று எழுதினோம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எல்லாப் படங்களின் பிரதியும் நம் கைக்கு வர வேண்டும் என்றும் எழுதினோம். அதற்கான ஹார்ட் டிஸ்க்கை நாமே வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கு அதன் விலை ஒரு மூட்டை துவரம் பருப்பை விடக் குறைவுதான்.

நம் பக்கத்துக் கடமையையும் அதே தாளில் எழுதினோம். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, பிரதி கைக்கு வரும் அன்று இன்னொரு பங்கு, ஆல்பம் வந்த அன்றே மீதி. பதினைந்து நாளில் படம் பொறுக்கித் தருவோம், தவறினால் தாமதம் நம் பொறுப்பு. பில்லும் வாங்கினோம், வரியும் கட்டினோம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்தாலும் ரசீது கொடுக்கலாமே. நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால் கையில் இருக்கும் காகிதம்தான் பேசும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, மாற்றி எழுதிக் கொள்ளாத வரை, நமக்குத்தான். ஆர்டர் படிவத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்து விட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுப் பெண்ணின் படத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்றால் அதையும் எழுதி விடுவது நல்லது.

ட்ரோன், கல்யாணத்துக்கு முன்பே வெளியூர் போய் எடுக்கும் படம் இவையெல்லாம் அவரவர் விருப்பம், வசதி. பிள்ளைகள் ஆசைப்பட்டால் எடுக்கட்டும். தாலி கட்டும் நேரத்தில் நாலு கேமராக்காரர்கள் முன்னால் நின்று நம் பார்வையை மறைப்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளுங்கள். எத்தனை சொன்னாலும் ஒருவர் நின்றே தீருவார் என்பது வேறு விஷயம்.

பெரியவர்கள் பெயரைப் பட்டியல் எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள். போட்டோ எடுப்பவருக்கு நம் அத்தை யார், பெரியப்பா யார் என்று எப்படித் தெரியும்? மகன் கல்யாணத்தில் பன்னிரண்டு பேர் பெயர் எழுதி, ஆள் காட்டுவதற்கு மைத்துனர் பையனைக் கூடவே நிறுத்தினோம். பன்னிரண்டு பேரும் படத்தில் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.

ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்கு வேலை குறைவு. அப்போது போனால் உட்கார வைத்து நிதானமாகப் படம் காட்டுவார்கள். தையில் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் கார்த்திகை முடிவதற்குள் பேசி முடித்து விடுங்கள், மார்கழியில் வந்தால் நல்லவர்கள் தேதி போயிருக்கும். நாம் எழுதிய அந்தத் தாளின் பிரதி கடையில் இருக்கிறது. சரக்கு எடுக்க வரும் போது கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.