நிக்கல் குடிக்கும் நெல்லி

நெல்லிக்காய் நமக்குத் தெரியும். மஞ்சள்காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியும் தெரியும். இவை இரண்டுக்கும் உறவான ஒரு புதர்ச்செடி சபாவில், கினபாலு மலையடிவாரத்தில் வளர்கிறது. அதைப் பற்றிப் படித்ததிலிருந்து கீரைக்கட்டைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

அதன் பெயர் பில்லாந்தஸ் ரூஃபஸ்சேனியி. 2018-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். மண்ணிலுள்ள நிக்கலை வேரால் உறிஞ்சி, இலைக்குள் சேர்த்துவைக்கும் செடி இது. சாதாரணச் செடிகளின் காய்ந்த இலையில் கிலோவுக்குச் சில மில்லிகிராம் நிக்கல்தான் இருக்கும். இதில் 25 கிராம் வரை இருக்கிறது! நிக்கலைக் கரிம அமிலங்களோடு பிணைத்து, இலைச் செல்களுக்குள் ஒதுக்கி வைப்பதால் செடிக்கு ஆபத்தில்லை. இலையை அறுவடை செய்து எரித்து, சாம்பலிலிருந்து நிக்கலைப் பிரிக்கும் சோதனைகளும் நடந்துள்ளன.

அப்படியானால் கைவிடப்பட்ட சுரங்கங்களில் எல்லாம் இதை நட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இச்செடி தேடுவது நிக்கலை. அதே ரானாவ் வட்டாரத்தில் 1975 முதல் 1999 வரை இயங்கிய மாமுட் சுரங்கத்தில் தோண்டியதோ செம்பு. ஒவ்வோர் உலோகத்துக்கும் ஏற்ற செடி வேண்டும். தவிர, அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் இலை உதிர்ந்து உலோகம் மறுபடி மண்ணுக்கே போய்விடும்.

நமக்கான செய்தி இங்கேதான் இருக்கிறது. இந்த அளவுக்கு உலோகம் குடிக்கும் செடிகள் அபூர்வம். ஆனால் கீரைகளும் மண்ணில் உள்ள காட்மியம், காரீயம் போன்றவற்றைக் கொஞ்சமாவது எடுத்துக்கொள்கின்றன. குட்டையோரத்துக் கங்கோங் கீரையும் அப்படித்தான். இலை பச்சைப்பசேலென்று செழிப்பாகவே இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கழுவினால் மேலே உள்ள தூசி போகும், உள்ளே ஏறிய உலோகம் போகாது. வேகவைத்தாலும் அது அழிவதில்லை.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பழைய ஈயச் சுரங்க நிலங்களும் குட்டைகளும் நிறைய உண்டு. அவை எல்லாமே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அங்கே காய்கறி போடுவதற்கு முன் மண்ணை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள் என்கிறேன். மருந்துக்காக என்றால் இன்னும் கவனம் தேவை. சாலையோரத்திலும் சுரங்க மேட்டிலும் கீழாநெல்லி பறிக்க வேண்டாம். வீட்டில் ஒரு தொட்டியில் நல்ல மண் போட்டு வளர்த்தால் போதும். அது தானாகவே பரவிக்கொள்ளும்.