ஹலாலுடன் தய்யிபும்

இறைச்சி வாங்குகையில் அது ஹலாலா என்று கேட்க நாம் தவறுவதில்லை. ஆனால் திருக்குர்ஆன் (2:168) ஹலாலுடன் 'தய்யிப்' என்பதையும் இணைத்தே கூறுகிறது. தூயது, நல்லது என்பது அதன் பொருள். அதை யார் கேட்கிறோம்?

நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் உண்பதே அவற்றுக்கும் உணவு. ஆடு, மாட்டிறைச்சியிலுள்ள கார்னிடினையும் முட்டை மஞ்சள் கருவிலுள்ள கோலினையும் அவற்றுட் சில டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்குகிறது. இரத்தத்தில் இது மிகுந்தோருக்கு மாரடைப்பு அபாயமும் மிகுந்திருப்பதை அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2011இலும் 2013இலும் வெளியிட்டனர். கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றின் நார்ச்சத்திலிருந்தோ குடல் நுண்ணுயிர்களுள் சில பியூட்டிரேட் என்னும் பொருளைத் தருகின்றன. பெருங்குடற்சுவரின் உயிரணுக்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள்.

முட்டையும் இறைச்சியும் அல்லாஹ் அனுமதித்த அருட்கொடைகள். அவற்றை விலக்குமாறு நாம் கூறவில்லை. நாமக்கல் முட்டை எளிதில் கிடைக்கிறது. வலீமாதோறும் பிரியாணி மணக்கிறது. ஆனால் இம்மண்ணின் களியும் கம்பங்கூழும் கீரைக் கடைசலும் ஏழையின் உணவென்று பல வீடுகளில் ஒதுக்கப்படுகின்றன. கவலை இதுவே.

வயிற்றில் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அந்தப் பங்கிலும் கீரைக்கும் பயறுக்கும் இடமளிப்போம். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதும் மார்க்கமே.