கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டுள்ள தேர்தல்

கணிப்பொறி பயிலும் நம் மாணவர் நாவில் 'கட்டற்ற மென்பொருள்' என்னும் சொல் இன்று பெரிதும் வழங்குகின்றது. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளிவரும் மென்பொருளையே அவ்வாறு அழைக்கின்றோம். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சும் இவ்வியக்கத்தின் இரு தூண்கள். இவற்றின் நுட்பம் பற்றி நம்மவர் நிறையவே பேசுகின்றனர். இத்தகைய மென்பொருள்களைப் பேணும் அமைப்புகளுக்கு நிருவாகிகளை யார், எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்று பேசுவாரைக் காண்பது அரிது.

"எல்லார்க்கும் பொதுவான பொருளுக்கு நிருவாகக் குழு எதற்கு?" என்று கேட்பாருண்டு. நிரல் பொதுவானதே. ஆயின் மென்பொருளின் பெயர், வணிகக்குறி, இணையமுகவரி, வங்கிக் கணக்கு ஆகியன எவரேனும் ஒருவர் கையில்தான் இருக்கும். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியபோது, ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளும் அதன் கைக்குச் சென்றது. அதில் உழைத்த தொண்டர் பலர் அவ்வாண்டு செப்டம்பரில் பிரிந்து 'டாக்குமெண்ட் பவுண்டேஷன்' என்னும் தனியமைப்பைத் தொடங்கினர். நிரலை உடன் எடுத்துச் செல்ல அவர்க்கு உரிமை இருந்தது. பெயரை எடுத்துச் செல்ல உரிமையில்லை. பல்லாண்டு உழைத்து வளர்த்த பெயரை விட்டுவிட்டு 'லிப்ரே ஆபீஸ்' என்று புதுப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று நம்மில் பலர் தமிழ்த் தட்டச்சுக்குப் பயன்படுத்துவது அம்மென்பொருளையே. பிடிக்காவிடில் பிரிந்து செல்லலாமே என்று எளிதாகச் சொல்வோர் இவ்விழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே தேர்தல் தேவை. நம் கருத்தில், அத்தேர்தல் வாக்களிக்கும் நாளன்று முடிவாவதில்லை. வாக்காளர் பட்டியல் எழுதும் நாளன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு.

'ஓப்பன் ஸ்டிரீட் மேப்' என்பது தன்னார்வலர் வரையும் உலக வரைபடம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஆவடியின் தெருவையும் பூந்தமல்லியின் சந்தையும் எவரும் அதில் வரையலாம், திருத்தலாம். அதனைத் தாங்கி நிற்கும் அறக்கட்டளை 2006இல் அமைந்தது. உறுப்பினர் சந்தா செலுத்தி வாக்களித்து நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். 2018 டிசம்பரில் தேர்தல் நடைபெறவிருந்தது. நவம்பர் நடுவில் திடுமென ஏறத்தாழ நூறு பேர் புதிதாக உறுப்பினராகப் பதிந்தனர். அவர்கள் ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியப் பணியாளர்கள். அமைப்பின் உறுப்பினர் பணிக்குழு இதனை ஆய்ந்து, இஃது ஒருங்கு திட்டமிட்ட சேர்க்கையே என்று அறிக்கை வெளியிட்டது.

அந்நூறு பேரையும் குற்றவாளிகளாக நாம் கருதவில்லை. வரைபடப் பணியையே தொழிலாகக் கொண்டோர் அவருள் இருந்திருக்கவும் கூடும். உழைப்போர்க்கு வாக்குரிமை என்றால் அவர்க்கும் உண்டன்றோ? மேலதிகாரி சொன்னதற்காகச் சேர்ந்தவரையும் தாமே விரும்பிச் சேர்ந்தவரையும் பட்டியலைப் பார்த்துப் பிரித்தறிவது எங்ஙனம்? நம் மாணவர்க்கு இது தொலைவிலுள்ள சிக்கலன்று. ஒரு காலத்தில் மிதிவண்டியும் இயந்திர உறுப்புகளும் செய்த அம்பத்தூரில் இன்று மென்பொருள் அலுவலகங்களும் இயங்குகின்றன. நாளை அங்கே பணியில் அமரும் நம் மாணவனிடமும் "இவ்வமைப்பில் சேர்ந்து, இன்னாருக்கு வாக்களி" என்று ஒருவர் கூறலாம்.

நம் சமுதாயப் பெரியோர்க்கு இக்கேள்வி புதிதன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும், மக்கள் 'டேங்க் பேக்டரி' என்றே வழங்கும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலைக்கும் பிழைப்புத் தேடி வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோர் பலர். வந்த இடத்துப் பள்ளிவாசலில் அவர்கள் எப்போது முழு ஜமாஅத்தாராகின்றனர்? முதல் சந்தா செலுத்தியவுடனா, ஓராண்டு கழிந்த பின்னரா? தேர்தல் நெருங்குகையில் திடீரெனப் பெருகும் சந்தாச் சீட்டுகளை என் செய்வது? ஜமாஅத் தேர்தல்களில் எழும் பூசல்களுள் பல இவ்விடத்திலேயே பிறக்கின்றன என்பதைப் பெரியோர் அறிவர்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கொரு முன்மாதிரியைக் காண்கின்றோம். இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள் 644ஆம் ஆண்டில் மரணப்படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீபாவைத் தெரிவு செய்ய அறுவர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) ஆலோசனையில் பங்கு கொள்ளலாம், ஆனால் பதவிக்கு உரியவரல்லர் என்று வரையறுத்தார்கள் என வரலாற்றாசிரியர் குறிப்பர். தந்தைக்குப்பின் மகன் என்னும் வழக்கை அவர்கள் தம் வாழ்நாளிலேயே அடைத்துச் சென்றார்கள்.

தமிழ் மண்ணின் சான்று உத்திரமேரூர். 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. மேடைதோறும் இதனைப் புகழும் நம்மவர், அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே உரியதாயிருந்ததை மறந்துவிடுகின்றனர். எனினும் ஒரு விதி இன்றைக்கும் ஏற்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது.

இனி, கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் கண்டுள்ள வழிகளை நோக்குவோம். 1993இல் தோன்றிய டெபியன் திட்டத்தில் சந்தா என்பதே இல்லை. உழைத்து, பிறரால் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டவரே வாக்காளர். தலைவரின் பதவிக்காலம் ஓராண்டே. வேட்பாளரை விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிப்பர். 'இவருள் எவரும் வேண்டா' என்னும் தெரிவும் உண்டு. நம் நாட்டுப் பொதுத்தேர்தலில் அத்தெரிவு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல்தான் வந்தது. தலைவர் தேர்தலில் வாக்கு மறைவானது. ஆயினும் தம் வாக்கு எண்ணப்பட்டதா என ஒவ்வொருவரும் சரிபார்த்துக் கொள்ள இயலும். 2020, 2021 தேர்தல்களில் கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன் போட்டியிட்டார். இரு முறையும் ஜோனதன் கார்ட்டர் வென்றார். தென்னாட்டுப் பெண்ணொருவர் உலகளாவிய அத்திட்டத்தின் தலைமைக்குத் துணிந்து நின்றதை நம் மாணவியர் அறிதல் நலம்.

வரைபட அறக்கட்டளையும் பின்னர் ஒரு வழி கண்டது. ஓராண்டில் 42 நாள்களேனும் வரைபடத்தில் பணி செய்தவர் சந்தாவின்றியே உறுப்பினராகலாம். குனோம் அறக்கட்டளையோ, ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் நிருவாகக் குழுவில் 40 விழுக்காட்டுக்கு மேல் அமரலாகாது என விதித்துள்ளது. பெரிய அமைப்புகளும் இடறுவதுண்டு. 'ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்' 2021இல் நடத்திய தேர்தலில் வாக்களிப்பு முறையின் ஓட்டையை எவரோ பயன்படுத்திக் கொண்டமையால், மறுதேர்தலே நடத்த நேர்ந்தது.

உழைப்பை நாள்கணக்கில் அளப்பதில் ஓர் இடர் உண்டு. நிரல் எழுதுவோரின் பணி கணிப்பொறியில் தானே பதிவாகிவிடும். பள்ளி மாணவர்க்கு வார இறுதியில் லினக்ஸ் கற்பிப்பவர், கலைச்சொல் ஆக்குபவர், தமிழ் எழுத்துருவில் பிழை கண்டு சொல்பவர் ஆகியோர் பணி எங்கே பதிவாகும்? தமிழ்த் துறையினராகிய நாம் இதனை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மென்பொருளைத் தமிழில் பேச வைப்போரில் பலர் நிரலின் ஒரு வரியும் எழுதாதவர். அவர் பெயர் விடுபட்ட வாக்காளர் பட்டியலை நாம் ஏற்பதற்கில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளில் மாணவர் மென்பொருள் மன்றம் தொடங்குவோர், தொடக்கத்திலேயே இவற்றை விதியாக எழுதிக் கொள்ளலாம். தேர்தலுக்கு மூன்று திங்கள் முன்னரே பட்டியலை மூடி, யாவரும் காண அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். வாக்கு மறைவாக இருத்தல் வேண்டும். வரவு செலவுக் கணக்கு வாக்களிப்புக்கு முன் வெளிவருதல் வேண்டும். சங்கமாகப் பதிவு செய்வோர்க்கு 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் நிருவாகக் குழுவின் பதவிக்காலத்தை மூன்றாண்டுக்கு மிகாமல் வரையறுத்துள்ளது. மாணவர் மன்றத்துக்கு ஓராண்டே போதும். மூன்றாண்டில் மாணவரே மாறிவிடுவர்.

முன்னாளில் பதவி விலகும் செயலாளர் தீர்மானப் புத்தகம், முத்திரை, காசோலைப் புத்தகம் மூன்றையும் புதியவரிடம் கையளிப்பார். இன்று இவற்றோடு கடவுச்சொல்லும் சேர்ந்துள்ளது. மன்றத்தின் இணையமுகவரி படிப்பு முடித்து வெளியூர் சென்றுவிட்ட ஒருவர் பெயரில் இருக்குமாயின், தேர்தலில் வென்றவர் கைக்கு வருவது வெறும் பதவிப் பெயரே. ஆதலின் முகவரியையும் கணக்குகளையும் மன்றத்தின் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் பொறுப்பாசிரியரிடம் வைத்து, ஆண்டுதோறும் பதவியேற்பு நாளில் மாற்றிக்கொள்ளலாம். வரும் கல்வியாண்டின் தேர்தலுக்கு முன்னரே இதனைச் செய்து முடித்தல் இயலும்.