உம் கொட்ட ஆள் வேண்டும்

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலை காட்டும். கொஞ்சம் தள்ளிப் பழைய தேவாலயத்தின் கோபுரம். 1934-இல் அணை கட்டி முடிந்தபோது உள்ளே போன ஊர்களில் மிஞ்சியவை அவை. வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளுக்குப் பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, எந்த வீதி எங்கே போனது, யாருடைய தாத்தா எந்த மேட்டுக்குக் குடிவந்தார் என்று சொல்லிக்கொண்டு வருவார். நடுவில் பிள்ளைகள் ‘உம்’ கொட்டாவிட்டால் ‘ஏங் கண்ணு, கேக்கறியா?’ என்பார்.

நம் இதழுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் அந்த ‘உம்’ இல்லை. ‘நாட்டுப்புறக் கதை’ என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே ஒரு ஊர், ஒரு ராஜா, ஒரு நரி. ஊருக்குப் பெயர் கிடையாது. யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று கடிதம் போட்டால் ‘கிராமத்துப் பெரியவர்கள்’ என்று பதில் வருகிறது. சொன்ன அம்மிச்சிக்குப் பெயர் இருக்காதா?

இதற்கு மாறாக, அமெரிக்காவின் சோக்டாவ் பழங்குடி மக்களிடம் நாம் பார்க்க வேண்டிய ஒரு வேலை நடந்திருக்கிறது. 1831 முதல் அவர்கள் மிசிசிப்பியிலிருந்து பெயர்க்கப்பட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பலர் நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். (அந்தத் துயரையும் நம் அணையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.) அப்படி நடந்த ஒருவரின் வழிவந்த எழுத்தாளர் டிம் டிங்கிள், 1993-இல் அதே தடத்தில் திரும்பிப் போய் மூத்தவர்களின் கதைகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். 2006-இல் வந்த அவருடைய ‘கிராஸிங் பாக் சிட்டோ’ படப் புத்தகத்தில், ஆற்று நீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் கல்பாதை ஒன்று வருகிறது. சோக்டாவ் சிறுமிக்கு அது தெரியும், அடிமைகளை வைத்திருந்த எசமானர்களுக்குத் தெரியாது. நீருக்கடியில் நந்தியை வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு அந்தக் கல்லின் அருமை புரியும். கதையோடு புத்தகம் முடிந்துவிடவில்லை. இன்றைய சோக்டாவ் மக்களைப் பற்றியும் அவர்கள் கதை சொல்லும் முறையைப் பற்றியும் பின்குறிப்பு இருக்கிறது. படிக்கிற பிள்ளை இவர்கள் என்றோ மறைந்துபோன கூட்டம் என்று நினைக்க வழியில்லை. 2013-இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் செத்துப்போன சிறுவனே வாசகனைப் பார்த்துப் பேசுகிறான். ‘உம்’ கொட்ட இடம் விட்ட எழுத்து அது.

நம்மிடம் இல்லாத சரக்கா? பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரின் கதை இருக்கிறது. உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். பின்பாட்டுக்காரர் கூடவே இருந்து ஆமாம் போடுவார். 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதை ஒலிநாடாவில் பிடித்தார்; பின்னாளில் பிள்ளைகளுக்காக 26 பாக அசைவூட்டப் படமாகவும் படக்கதையாகவும் ஆக்கினார். அந்த உழைப்புக்கு முன்னால், உள்ளூரில் இருந்துகொண்டே நாம் செய்தது சொற்பம்.

செய்தவற்றிலும் அண்ணன்மார் விழும் படுகளம் வந்ததும் பேனா தயங்குகிறது. பொன்னரும் சங்கரும் மடிவதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்கிறார்கள் பதிப்பாளர்கள். நோன்பில் விடிய விடிய மடியில் உட்கார்ந்து படுகளம் பார்த்தவர்கள்தான் இந்தப் பிள்ளைகள். விழுந்தவர்களைத் தங்கை தங்காள் எழுப்புவதையும் பார்த்திருக்கிறார்கள். சாவை வெட்டினால் அந்த எழுப்புதலும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறு. கதையில் எதிராளிகள் வேட்டுவர்கள். வேட்டுவர் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்து இதைப் படிக்கும். பாடுகிறவர் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லைக் கூட்டுவார், ஒன்றை விழுங்குவார். அச்சுக்கு முகம் தெரியாது. பொதுக்கதை என்று பெயர் மறைத்துப் போட்டால், ஒரு தரப்பு சொன்னதே உண்மை என்றாகிவிடும். இன்ன ஊரில் இன்னார் பாடியது என்று போட்டால், வேறு ஊரில் வேறொருவர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும் என்பது பிள்ளைக்கே விளங்கும்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, பிரதியோடு தனியாக ஒரு பக்கம் வேண்டும்: சொன்னவர் பெயர் (அவர் சம்மதித்தால்), ஊர், கேட்ட நாள், அப்போது உம் கொட்டியது யார். அந்தப் பக்கம் இல்லாத பிரதியை வாசிப்புக் குழுவுக்கு அனுப்பப் போவதில்லை.