ஸல்ஸலின் விரல் நின்ற இடம்

எகிப்திய காரி முஸ்தபா இஸ்மாயீலின் கிராஅத்தைக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். குரல் சில இடங்களில் இரண்டு படிகளுக்கு நடுவே போய் நிற்கும். அந்த இடத்தை ஆர்மோனியத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒரு கட்டை கீழே இருக்கும். அடுத்தது மேலே இருக்கும். (கிராஅத் இசையல்ல. இசை ஆகுமா, ஆகாதா என்பதும் உலமாக்களின் விடயம். நான் பேசுவது காது கேட்பதை மட்டுமே.)

அறபு இசையில் இராகத்தை ஒத்தது மகாம். மகாம் என்ற சொல்லுக்கே நிற்கும் இடம் என்றுதான் பொருள். ராஸ்த் என்ற மகாமின் மூன்றாவது சுரம் இப்படி நடுவில் நிற்பது. இது புதிய விடயமல்ல. ஹாரூன் ரஷீத் காலத்து பக்தாதில் ஊத் வாசித்த ஸல்ஸல் நடுவிரல் வைத்த இடம், அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் அறிஞர் பாராபீ தமது பெரிய இசைநூலில் அதை அளந்து எழுதினார்.

ஆயிரம் ஆண்டு நிலைத்த இந்த இடத்துக்கு 1932இல் ஒரு சோதனை வந்தது. மன்னர் முதலாம் புஆத் கெய்ரோவில் அறபு இசை மாநாட்டைக் கூட்டினார். ஹங்கேரியின் பார்ட்டோக், ஜேர்மனியின் ஹிண்டமித் போன்றோரும் வந்திருந்தனர். பியானோவைச் சேர்ப்பதா என்பதில் பெரும் வாக்குவாதம். எகிப்தியர் பலர், கால்சுரம் ஒலிக்கும்படி அதைத் திருத்தியாவது சேர்ப்போம் என்றனர். வேண்டாம் என்று தடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்! வீட்டுக்காரர் பழைய அலுமாரியை மாற்ற நினைக்க, விருந்தாளி மறித்த கதைதான். ஆனாலும் எகிப்தியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் இசை நூதனசாலைப் பொருளாகி விடக்கூடாதே என்ற கவலை அவர்களுக்கு.

சுரங்களை 24 சம பாகங்களாக வகுத்துவிடலாம் என்ற யோசனையும் முடிவின்றியே போனது. நல்லவேளையாக, வந்த குழுக்களின் வாசிப்பு இசைத்தட்டுகளில் பதிவானது. ஈராக்கின் முஹம்மத் அல்-குப்பான்ஜியும், அவருடன் வாசித்த யூதக் கலைஞர்களும் அவற்றில் உள்ளனர். 2015இல் பிரான்ஸ் தேசிய நூலகம் அவற்றை 18 குறுந்தட்டுகளாக வெளியிட்டது.

பிறகு உம்மு குல்தூமின் வாத்தியக் குழுவில் வயலின்கள் நிறைந்தன. வயலினில் கட்டை இல்லையே, விரல் விரும்பிய இடத்தில் நிற்கும். இன்றைய மின்விசைப்பலகைகள் சிலவற்றில் கால்சுரத்துக்கெனத் தனிப் பொத்தானே உண்டு. ஆனால் ராஸ்த்தின் அந்த மூன்றாவது சுரத்தைக் கெய்ரோக்காரர் ஓரிடத்தில் பாடுவார். அலெப்போக்காரர் சற்றுத் தள்ளிப் பாடுவார். பொத்தானுக்கு இருப்பது ஒரே இடம்.