வடிகட்டியில் சிக்கும் வைத்தியம்!

ஆஸ்பத்திரி வரவேற்பறை, ரயில்வே ஸ்டேஷன், காபி ஷாப்... எங்கே போனாலும் இப்போது இலவச வை-ஃபை. அங்கெல்லாம் ஆபாசத் தளங்கள் திறக்காதபடி வடிகட்டி போட வேண்டுமா, வேண்டாமா?

'இதிலென்ன கேள்வி? கட்டாயம் போடணும்!' என்பீர்கள். பக்கத்து ஸீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்திருக்க, ஒரு ஆசாமி செல்போனில் கண்டதையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 2016-லேயே தன் கடைகளில் வடிகட்டி போட்டுவிட்டது. எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. வடிகட்டியின் திருகை எவ்வளவு தூரம் முறுக்குவது என்பதில்தான் எனக்குச் சண்டை. அளவுக்கு மீறி முறுக்கினால் ஆபாசம் அதிகமாக அடைபடுவதில்லை. உடம்பைப் பற்றிய நியாயமான விஷயங்கள்தான் அடைபட்டுப் போகின்றன.

அது எப்படி என்கிறீர்களா?

வை-ஃபை நடத்துகிறவர் ஒவ்வொரு தளத்தையும் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு கம்பெனியிடமிருந்து ரெடிமேட் பட்டியல் வாங்குகிறார். அதில் ஏகப்பட்ட தளங்களை இனம் பிரித்து வைத்திருப்பார்கள். ஆபாசம், சூதாட்டம், நிர்வாணம், போதைப்பொருள், பாலியல் கல்வி... இப்படி. எது எது வேண்டாமோ அதற்கெல்லாம் ஒரு டிக். வேலை முடிந்தது! பொறுப்பில் இருக்கிறவர் 'எதுக்கு வம்பு' என்று எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டால், கர்ப்பத்தடை பற்றி ஒரு டாக்டர் எழுதிய பக்கமும் கூடவே போய்விடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் வருகின்றன. அதனால் சாதாரண வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியுமே தவிர, உள்ளே எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது தெரியாது. ஒரு ரூமில் கோளாறு என்றால் வீட்டையே பூட்டிவிடுகிற கதைதான்.

வார்த்தையை வைத்துத் தடுக்கும் வடிகட்டிகள் இதைவிட மோசம். 1995-ல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், 'மார்பகம்' என்பதற்கான ஆங்கில வார்த்தையைக் கெட்ட வார்த்தைப் பட்டியலில் சேர்த்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது. நம் தமிழுக்கு இப்படி ஒரு வடிகட்டி வந்தால் என்ன ஆகும்? மார்புச் சளி, மார்பு வலி என்று தேடுகிற தாத்தாவெல்லாம் மாட்டிக்கொள்வார்!

சிரிக்க மட்டுமில்லை, கணக்கும் இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை ஒரு ஆய்வு நடத்தியது. பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் பயன்படுத்திய வடிகட்டிகளை வாங்கி, 3,000-க்கும் மேற்பட்ட உடல்நலத் தளங்களையும், 500-க்கும் மேற்பட்ட ஆபாசத் தளங்களையும் அவற்றின் வழியே திறந்து பார்த்தார்கள். திருகு தளர்வாக இருந்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவிகிதம் அடைபட்டது. உடல்நலத் தளங்களில் வெறும் 1.4 சதவிகிதம்தான் அடைபட்டது. நடுத்தரமாக வைத்தபோது 90-ம் 5-ம். கடைசி வரை முறுக்கியபோது? ஆபாசம் 91 சதவிகிதம். உடல்நலத் தளங்கள் 24 சதவிகிதம்!

மறுபடி ஒருமுறை பாருங்கள். முழுதாக முறுக்கியதில் ஆபாசத்தைத் தடுத்தது கூடுதலாக நாலே நாலு சதவிகிதம். அதற்கு விலையாக நாலில் ஒரு உடல்நலத் தளம் காணாமல் போயிற்று. தளர்வான நிலையில்கூட, ஆணுறை, பாதுகாப்பான உறவு பற்றிய தளங்கள் மற்றவற்றைவிட அதிகமாக அடிபட்டன.

இது பழைய ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வடிகட்டிகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் 2013 டிசம்பரில் பிரிட்டனில் பிபிசி சோதித்துப் பார்த்தபோது என்ன நடந்தது தெரியுமா? வீட்டு இன்டர்நெட்டுக்காகப் பெரிய கம்பெனிகள் கொடுத்த வடிகட்டிகள், இளைஞர்களுக்கான பாலியல் கல்வித் தளத்தை அடைத்திருந்தன. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எடின்பரோ மையத்தின் தளத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆபாசப் பழக்கத்திலிருந்து விடுபட வழி சொல்கிற தளங்கள்கூட ஒரு வடிகட்டியில் சிக்கின! குடியை நிறுத்த ஆலோசனை சொல்கிறவரின் கிளினிக்கை, 'சாராயம்' என்ற போர்டு இருக்கிறதென்று சீல் வைத்த மாதிரி.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு 857 தளங்களைத் தடுக்கச் சொன்னது. நகைச்சுவைத் தளங்களும் பட்டியலில் இருப்பது தெரிந்து கூச்சல் கிளம்ப, உத்தரவு தளர்த்தப்பட்டது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி அதே 857-ஐ அமைச்சகம் மறுபடி சரிபார்த்தது. அவற்றில் 30 தளங்களில் ஆபாசமே இல்லை! கடைசியில் 827-ஐத்தான் தடுக்கச் சொன்னார்கள். ஒரு நாட்டின் அரசாங்கம் போட்ட பட்டியலே இப்படி என்றால், ஒரு காபி ஷாப் முதலாளி வாங்குகிற பட்டியலை யார் சரிபார்ப்பது?

'சரி, தப்பா அடைச்சிருந்தா கேட்டுத் திறந்துக்க வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2003-ல் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. அரசு நிதி பெறும் பொது நூலகங்களில் வடிகட்டி போடுவது செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, பெரியவர்கள் கேட்டால் நூலகர் திறந்துவிடலாமே என்பதை ஒரு முக்கியக் காரணமாக எடுத்துக்கொண்டது.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப்படுதலைப் பெற்ற தாயிடம் சொல்லவே தயங்குகிறவள், கவுன்டரில் நிற்கும் முன்பின் தெரியாத பையனிடம் போய், 'தம்பி, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்துவிடுப்பா' என்று கேட்பாளா? மூலத்தைப் பற்றிச் சம்சாரத்திடமே மூச்சு விடாத நம் ஆம்பிளைகள்தான் கேட்பார்களா? சொல்லப்போனால், அந்தக் கூச்சத்தால்தானே செல்போனில் தேடுகிறார்கள்! ரயில்வே பிளாட்பாரத்தில் கேட்பதற்கு ஆளும் கிடையாது.

கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அம்மா. டாக்டர் நாலு வார்த்தை சொல்லி, 'மேமோகிராம் எடுத்துட்டு வாங்க' என்று அனுப்பிவிட்டார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட வந்த மகள் என்னவென்று தெரிந்துகொள்ள செல்போனை எடுக்கிறாள். டேட்டா தீர்ந்துபோயிருக்கிறது, ஆஸ்பத்திரி வை-ஃபையில் தட்டுகிறாள். பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை. உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்திலேயே கதவு சாத்தியிருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

எங்கே போவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். விடலைப் பையன்கள் விஷயத்தில் காலம்காலமாகப் பார்க்கிறோமே! தூக்கத்தில் விந்து வெளியேறுவது அந்த வயதில் சர்வசாதாரணம், வியாதியே இல்லை என்று ஒரு நல்ல டாக்டரின் கட்டுரை ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிடும். அது கிடைக்காத பையன் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் படிக்கிறான். ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போடுகிற 'வைத்தியர்' அவனுக்காகக் காத்திருக்கிறார். இந்த மாதிரி விளம்பரங்களைத் தடை செய்ய 1954-லேயே சட்டம் வந்தாயிற்று. போஸ்டர்கள் இன்னும் கிழிந்தபாடில்லை. டாக்டரின் பக்கத்தை அடைப்பதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

பெற்றோரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பத்து வயதுக் குழந்தை தற்செயலாக ஒரு அசிங்கத்தைப் பார்த்துவிட்டால், அந்தப் படம் மனதில் தங்கிவிடும். அதைத் தடுக்க வடிகட்டி உதவும். வேண்டுமென்றே தேடுகிற பதினாறு வயதுப் பையனை எந்த வடிகட்டியும் நிறுத்தாது. அவன் வை-ஃபையை அணைத்துவிட்டுத் தன் சொந்த டேட்டாவுக்குத் தாவ ஒரு விநாடி போதும். ஆகவே சின்னக் குழந்தைக்கு ஆபாசம் என்ற ஒரே ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். பெரிய பையனுக்கு எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தாலும் போதாது. அவனிடம் அப்பா உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்த வேலையை ஆஸ்பத்திரி வை-ஃபையின் தலையில் கட்ட முடியுமா?

வை-ஃபை நடத்துகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ரொம்பப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆபாசத்தையும், பணம் பறிக்கும் மோசடித் தளங்களையும் அடையுங்கள். பாலியல் கல்வி, உடல்நலம், கர்ப்பத்தடை என்ற கட்டங்களின் பக்கமே போகாதீர்கள். ஒரு பக்கத்தை அடைத்தால், 'இது தடுக்கப்பட்டிருக்கிறது, இந்தக் காரணத்துக்காக' என்று திரையில் தமிழில் எழுதிக் காட்டுங்கள். வெள்ளைத் திரையைக் காட்டி நெட்வொர்க் கோளாறு என்று நினைக்க வைப்பது நியாயமே இல்லை. 'தவறாக அடைத்திருக்கிறீர்கள்' என்று பெயர் சொல்லாமல் தெரிவிக்க ஒரு பட்டனும் கொடுங்கள். பொது வை-ஃபையில் செல்போன் நம்பரைக் கொடுத்து, ஓடிபி போட்டுத்தான் நுழைகிறோம். புகாருக்கும் நம்பர் கேட்டால் கூச்சப்படுகிறவர்கள் எழுதவே மாட்டார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டோக்கனுக்காகக் காத்திருக்கும்போது நீங்களே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்களேன். மார்பகப் புற்றுநோய், மாதவிடாய், கர்ப்பத்தடை, எச்.ஐ.வி... ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தேடல் முடிவுகள் வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். தளத்தையே திறந்து பாருங்கள். பிறகு வை-ஃபையை அணைத்துவிட்டு உங்கள் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். டேட்டாவில் திறந்து, வை-ஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரையும் நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வரவேற்பறையில் கொடுங்கள். உங்களுக்கு அந்த வியாதி இருக்கிறதோ என்று யாரும் நினைப்பார்களே என்ற தயக்கம் வேண்டாம். புகார்ப் பெட்டி இருந்தால் அதில் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

அதுவரைக்கும் மூன்று நம்பர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி சந்தேகங்களுக்கு 1097, குழந்தைகளின் ஆபத்துக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. மூன்றுமே இலவசம். சாதாரண பட்டன் போனிலிருந்தும் பேசலாம்.